வாலுக்கு அடியில் வைத்த டிக்கெட்

அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்கள்.

ஃபோர்மேன் தணிகாசலம். கையில் நூல்கண்டும் ஸ்டீல் ஸ்கேலும்.

முனிரத்தினம். என் அக்கா வீட்டுக்காரர். எனக்குப் பாவா. பீமுக்கு சைஸ் சொன்னவர் அவர்தான்.

காதர் பாய். செயின் பிளாக்கில் சங்கிலி இழுப்பவர்.

வெல்டர் சேகர்.

ஸ்டோர் கிளார்க் ஒருவர். நோட்டில் எழுதிக்கொள்ள வந்திருந்தார். பெயர் மறந்துவிட்டது.

நான், ஏழுமலை. ஃபிட்டர். பீமின் வால் பக்கம், அதாவது உள்முனையில், சாரத்தின் மேல்.

ஆறு பேர்.

இப்போது அந்த ஷெட்டில் ஓர் இன்ஜினியர் அம்மா இருக்கிறார். பாரத்தைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறார், சைஸ் வந்துவிடுகிறது. நான் பி.எஃப். காகிதத்தில் கையெழுத்துப் போடப் போனபோது கேட்டார்: "இது இல்லாதப்ப எப்படிங்க சைஸ் பாத்தீங்க? புதுசா வந்திருக்கிற பசங்க படிக்கட்டும், எழுதிக் கொடுங்க." எனக்குப் பேசிப் பழக்கமில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். ஐந்தாவது வரை படித்தவன். எழுத்துப் பிழையை அவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

திருவாலங்காட்டுப் பக்கம் பிறந்தேன். கரும்பு வெட்டினேன். கரும்பை மாட்டு வண்டியில் ஏற்றினேன். பிறகு திருத்தணியில் இந்த ஷெட். மூன்று வருஷம் ஹெல்பர். அப்புறம் ஃபிட்டர். கூரை, தொட்டி, ஏணி, பாரம் தூக்கும் பீம், எல்லா இரும்பு வேலையும் செய்தோம். தினமும் மணவூரில் ரயில் ஏறி வருவேன்.

பாவாவை அந்த ஷெட்டில் சேர்த்தது நான். அவர் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தவர். வேலை இல்லாமல் இருந்தார். அக்கா வந்து என் வீட்டு வாசலில் நின்றாள். நான் ஃபோர்மேனிடம் சொன்னேன். சேர்த்துக்கொண்டார். இரண்டாவது வாரம் பாவாவுக்கு நாற்காலி போட்டார்கள். எனக்கு அங்கே அப்போது ஒன்பது வருஷம். உட்கார்ந்ததில்லை.

ஃபோர்மேன் அதிகம் பேச மாட்டார். திட்டவும் மாட்டார். தப்பு செய்தால் நம் பக்கத்தில் வந்து நின்று, தப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். அது திட்டை விட மோசம். அவரிடம் ஒரு புத்தகம் உண்டு. டேபிள் புத்தகம் என்போம். வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்த பழைய ஃபிலிமை வெட்டி அட்டை போட்டிருப்பார். எந்த பீம் என்ன எடை, எவ்வளவு தாங்கும் என்று பக்கம் பக்கமாக எண்கள். அதை யார் கையிலும் தர மாட்டார். பாவா கையில் தந்தார்.

ஃபோர்மேன் சைஸ் பார்க்கும் முறை இது. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். கோட்டின் இரண்டு முனையிலும் தூண். மூன்று டன் தூக்க வேண்டும் என்றால் மூன்று என்று எழுத மாட்டார். செயின் பிளாக், அதைத் தாங்கிக்கொண்டு பீமில் ஓடும் டிராலி, இரண்டின் எடையும் கூட்டுவார். தூக்கும்போது ஓர் உதறல் வரும். அதற்குக் கால் பங்கு கூட்டுவார். மூன்று, நாலைத் தாண்டிவிடும். அதைத் தூணுக்குத் தூண் உள்ள நீளத்தால் பெருக்கி நாலால் வகுப்பார். பாரம் நட்ட நடுவில் தொங்கும்போது பீம் படும் பாடு அது. அதை இரும்பு தாங்கும் அளவால் வகுத்தால் வேறோர் எண் வரும். அந்த எண்ணைப் புத்தகத்தில் தேடுவார். அதற்குச் சமமாக, அல்லது அதற்கு மேலே எந்த வரி இருக்கிறதோ அதுதான் சைஸ். இருநூறு, இருநூற்றைம்பது, முன்னூறு என்று சொல்வோம். பீமின் உயரம், மில்லிக் கணக்கில்.

அதோடு விட மாட்டார். தொங்கல் பார்ப்பார், பாரத்தில் பீம் நடுவில் எவ்வளவு வளைந்து இறங்கும் என்று. நீளத்தை மில்லியில் எழுதி ஐநூறால் வகுப்பார். ஆறு மீட்டர் பீம் என்றால் பன்னிரண்டு மில்லி வரை தொங்கலாம். அதற்கு மேல் தொங்கினால், பீம் உடையாது, ஆனால் டிராலி சறுக்கி நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேட்டில் தள்ளுவது போல் தள்ள வேண்டும்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பாவாவுக்கு அவர் சொல்லும்போது பக்கத்தில் டிரில் போட்டுக்கொண்டே கேட்டது.

ஒருமுறை ஒரு ரைஸ் மில்லுக்கு பீம். இரண்டு டன், ஐந்து மீட்டர். ஃபோர்மேன் சாக்பீஸைப் பாவாவிடம் நீட்டாமல் முதலில் என்னைக் கேட்டார். பீமுக்கு அவர் என்னை சைஸ் கேட்டது அது ஒரு தடவைதான்.

"ஏழுமல, நீ சொல்லு. இன்னா போடலாம்?"

"எறநூறு போதும் சார்."

"எப்படிச் சொல்ற?"

"பக்கத்து ஊரு மில்லுல அதே நீளத்துக்கு எறநூறுதான் போட்டோம். இன்னிக்கும் தாங்கிகினு கீது."

"தாங்குது, சரி. எவ்ளோ தொங்குது?"

பாவா நாற்காலியில் இருந்தபடியே, "எறநூத்தம்பது போடணும் சார்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த வாரமே ஃபோர்மேன் எங்கள் இருவரையும் பக்கத்து ஊர் மில்லுக்குக் கூட்டிப் போனார். பீமின் இரண்டு முனைக்கும் நூல் கட்டினார். இரண்டு டன் தூக்கச் சொன்னார். நடுவில் ஸ்கேல் வைத்தார். பத்து மில்லிக்குள் இருக்க வேண்டும். பதின்மூன்று இருந்தது. மில்லில் வேலை செய்பவர் சொன்னார்: "ஆமாங்க, டிராலி நடுவுல போய் நின்னுக்குது. ரெண்டு ஆளு போட்டுத் தள்றோம்."

ஃபோர்மேன் என் பக்கத்தில் வந்து நின்று பீமையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாவா எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். "அத்த மனசுல வெச்சிக்காத ஏழுமல. எனக்குப் புஸ்தகம் கீது, பாத்துச் சொல்றேன். உனக்கு அது இல்ல, அவ்ளோதான்." வாங்கிக்கொண்டேன். தின்னவில்லை.

இனி எங்கள் ஷெட் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வேறெங்கும் நான் பார்க்காதது. பீம் ஏற்றி முடித்ததும் டெஸ்ட். தூக்க வேண்டிய பாரத்தோடு கால் பங்கு கூடுதலாகத் தொங்கவிடுவோம். பாரம் தரையிலிருந்து அரை அடிதான் எழும்பும். சைஸ் சொன்னவன் பீமுக்கு நேர் கீழே வந்து, பாரத்தின் மேல் கை வைத்து நிற்க வேண்டும். டிராலி நகர்ந்தால் அவனும் கூட நடக்க வேண்டும். "உன் சைஸ் மேல உனக்கே நம்பிக்கை இல்லன்னா அடுத்தவன எப்படிக் கீழ நிக்க வெப்ப?" என்பார் ஃபோர்மேன். இப்போது சேஃப்டிக்காரர்கள் இதை விட மாட்டார்கள். விடக் கூடாதுதான்.

பயப்பட வேண்டிய இடம் அது. நான் அதற்குத்தான் ஆசைப்பட்டேன்.

தூண் நட்டது நான். பீம் ஏற்றியது நான். போல்ட் முறுக்கியது நான். கடைசியில் ஃபோர்மேன், "முனிரத்தினம், வா" என்பார். பாவா சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு வந்து நிற்பார். எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். ஃபோர்மேன் நூல் பிடித்து அளந்து, எண்ணைச் சொல்லி, தலையை ஒரு தரம் ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காக நான் கை ஒடியப் போல்ட் முறுக்கியிருக்கிறேன். அது எனக்கு வந்ததில்லை.

பாவா அப்படி நின்றது பதினாலு தடவை. நான் எண்ணினேன். எதையும் எண்ணி வைப்பது என் பழக்கம்.

அவர் நின்ற நாளெல்லாம் அக்கா வீட்டில் கற்பூரம் கொளுத்துவாள். என் வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு வந்து கேட்பாள்: "நீ ஏன்யா ஒரு வாட்டி கூட நிக்கல?" மூர் மார்க்கெட்டுக்குப் போய் அதே டேபிள் புத்தகத்தைப் பழையதாக வாங்கி வந்தேன். இங்கிலீஷ் புரியவில்லை. எண்களை மட்டும் மனப்பாடம் செய்தேன். முன்னூறு பீம் மீட்டருக்கு நாற்பத்து நாலு கிலோ. அது எனக்கு முன்பே தெரியும். தோளில் தூக்கியவன்.

பதினைந்தாவது, எங்கள் ஷெட்டுக்கே போட்ட பீம்.

மூன்று டன். தூணுக்குத் தூண் ஆறு மீட்டர். பாவா கணக்குப் போட்டு முன்னூறு என்றார். வால் பக்கத்துத் தூணில் பீம் உட்காரும் இடத்துக்கு எனக்குப் படம் போட்டுக் கொடுத்தார். தூண் தலையில் ஒரு பிளேட், பீம் பக்கவாட்டில் நகராமல் இரண்டு பக்கமும் ஆங்கிள் துண்டு. வால் பக்கம் போல்ட் இல்லை. வெயிலில் பீம் நீளும், அதற்கு இடம் வேண்டும் என்று விட்டது. அது சரிதான். ஆறு மீட்டருக்குள் பாரம் ஓடுகிற வரை பீம் இரண்டு தூணையும் கீழேதான் அழுத்தும். நான் செய்து முடித்தேன்.

பிறகு முதலாளி வந்து பார்த்தார். லாரி உள்ளே வர முடியாது, பீமை வாசலுக்கு வெளியே ஒன்றரை மீட்டர் நீட்டு, லாரி மேலேயே இறக்கலாம் என்றார். பாவா மறுபடி கணக்குப் போட்டார். நுனியில் தொங்கினாலும் முன்னூறே போதும் என்றார். அந்தக் கணக்கும் சரி. போன வாரம் இன்ஜினியர் அம்மாவும் போட்டுப் பார்த்தார். முன்னூறுதான் வந்தது.

நீளமான பீம் வந்தது. வாசல் தூணில் நாலு போல்ட். வாலில், ஏற்கெனவே செய்து வைத்த அதே பிளேட். படத்தை யாரும் மாற்றவில்லை.

பீமை ஏற்றிய அன்று நான் வால் பக்கம் கயிறு பிடித்திருந்தேன். பீம் பிளேட்டில் உட்கார்ந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கணக்கு வேண்டியதில்லை. கரும்பு வண்டி ஏற்றியவனுக்குப் பின்பாரம் தெரியும். அச்சுக்குப் பின்னால் கட்டு அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும். வாசல் தூண்தான் அச்சு. பாரம் வெளியே போனால் பின்பாரம். வால் எழும்பும். வாலைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

"பாவா, வால் எழும்பும்." மூன்று வார்த்தை.

வாயைத் திறக்கப் போனேன். அப்போது கீழே ஃபோர்மேன் பாவாவின் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: "நான் ரிட்டயர் ஆனா அந்தப் புஸ்தகம் உனக்குத்தான் முனிரத்தினம்."

வாயை மூடிக்கொண்டேன்.

அன்று என் ரயில் பாஸ் முடிந்திருந்தது. காலையில் டிக்கெட் எடுத்து வந்திருந்தேன். அது சட்டைப் பையில் இருந்தது. கயிறு முழுசாகத் தளரும் முன் அந்த டிக்கெட்டை வால் முனைக்கும் பிளேட்டுக்கும் நடுவில் செருகினேன். பாதி உள்ளே, பாதி வெளியே. பீம் அதை அழுத்திக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. டெஸ்ட் அன்று வால் எழும்பினால் டிக்கெட் தளரும், அப்போது கத்தி நிறுத்திவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபோர்மேன் பார்ப்பார். பாவா கணக்கில் ஓட்டை என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு போதும். பாரம் அரை அடிதானே எழும்புகிறது, நுனி தணிந்தால் பாரம் தரையில் உட்கார்ந்துவிடும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதற்குள் வால் ஆங்கிளை விட்டு எழும்பி, பீம் பக்கவாட்டில் சரிந்தால்? அந்தக் கணக்கை மட்டும் நான் போடவில்லை.

தூணடிக் காங்கிரீட் காயவும் பெயின்ட் அடிக்கவும் நாள் ஆனது. மத்தியானம் பாவாவும் நானும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அக்கா செய்த குழம்பை எனக்குப் பாதி ஊற்றுவார்.

"இன்னா ஏழுமல, ரெண்டு மூணு நாளா ஒரு மாதிரி கீற?"

"ஒண்ணும் இல்ல பாவா."

"ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"ஒண்ணும் இல்லன்றேன்ல."

டெஸ்ட் நாள். மூன்றே முக்கால் டன் இரும்புப் பிளேட்டுக் கட்டுதான் பாரம். நான் சாரத்தில் ஏறி வால் பக்கம் உட்கார்ந்தேன். காதர் பாய் சங்கிலியில் கை வைத்தார்.

"முனிரத்தினம், இன்ஷூரன்ஸ் கட்டிட்டியா?"

"மேல யாரு கீறான் பாரு பாய். என் மச்சான். அவன் இருக்கசொல்ல எனக்கு இன்னா பயம்?"

சேகர் சிரித்தான். ஃபோர்மேன், "முனிரத்தினம், வா" என்றார். பாவா சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு வந்து, பாரத்தின் மேல் கை வைத்தார்.

நடுவில் முதலில். ஃபோர்மேன் நூல் பிடித்தார். ஸ்கேலை வைத்துக் குனிந்து, இரண்டு தரம் பார்த்தார். "பத்து. பன்னண்டுக்குள்ள." தலையை ஆட்டினார். கிளார்க் எழுதிக்கொண்டார். மேலே உட்கார்ந்து அந்தத் தலையாட்டலைப் பார்த்தேன். எரிந்தது.

"வெளிய போ பாய்."

காதர் பாய் டிராலிச் சங்கிலியை இழுத்தார். டிராலி வாசல் தூணுக்கு வந்தது. தாண்டியது. பாவா கூடவே நடந்தார். என் இரண்டு விரல் டிக்கெட்டின் மேல். தூணைத் தாண்டி ஒரு சாண் போயிருக்கும். டிக்கெட் என் விரலோடு வந்துவிட்டது.

"எறக்கு பாய்! எறக்கு! பாவா, தள்ளிப் போ!"

காதர் பாய் கேள்வி கேட்காமல் பாரத்தை இறக்கினார். பாரம் தரையில் உட்கார்ந்ததும் வால் பிளேட்டில் விழுந்தது. டங் என்ற சத்தம் சாரத்தையே ஆட்டியது.

ஃபோர்மேன் முதலில் வாசல் தூணில் ஏணி வைத்து ஏறினார். நாலு போல்ட்டில் இரண்டு, இழுபட்டுக் கழுத்து இளைத்திருந்தது. பிறகு என்னிடம் ஏறி வந்தார். பிளேட்டைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"இன்னா அது?"

"டிக்கெட் சார். வால் எழும்புதான்னு பாக்க வெச்சேன்."

"எப்ப வெச்ச?"

"காலைல சார். காலைலதான் தோணுச்சு."

டிக்கெட்டை வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ரயில் டிக்கெட்டில் தேதி இருக்கும். என்னைப் பார்த்தார். டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் பக்கத்திலேயே நின்றார். வழக்கமாகத் தப்பைப் பார்ப்பார். அன்று என்னைப் பார்த்தார்.

பிறகு கீழே எட்டிக் குரல் கொடுத்தார். "முனிரத்தினம், உன் மச்சான் உன்னக் காப்பாத்திட்டான்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் இறங்கியதும் பாவா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வால நான் பாக்கவே இல்லடா. சைஸு சைஸுன்னு அதையே பாத்துகினு இருந்துட்டேன். நீ பாத்த பாரு." எல்லோர் முன்னாலும் சொன்னார். தன் தப்பை அப்படி நாலு பேர் எதிரில் சொல்ல எனக்கு வராது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

"வாலுக்கு நீ சைஸ் சொல்லு" என்றார் ஃபோர்மேன் என்னிடம். பாவா கணக்குப் போட்டார். ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக மேலே இழுக்கும் என்று வந்தது. பீம் மேல் ஒரு பட்டை போட்டு நாலு இருபது மில்லி போல்ட் என்றேன். "அதிகம்" என்றார் ஃபோர்மேன். "இருக்கட்டும் சார்" என்றேன். வாசல் தூண் போல்ட்டும் புதுசு போட்டோம்.

மறுபடி டெஸ்ட். "சைஸ் சொன்னவங்க ரெண்டு பேரும் வாங்க."

போய் நின்றேன். பிளேட்டுக் கட்டின் மேல் கை வைத்தேன். வெயிலில் கிடந்த இரும்பு, சுட்டது. பாவா என் தோளில் கை போட்டுக்கொண்டார். வெளியே ஒன்றரை மீட்டரும் நடந்தோம். வால் அசையவில்லை. ஃபோர்மேன் நூலைச் சுருட்டினார். தலையை ஆட்டினார், பாவாவைப் பார்த்து. என் பக்கம் திரும்பவில்லை.

அதற்கு மேல் ஷெட்டில் நான் எதற்கும் நிற்கவில்லை. ஃபோர்மேன் கூப்பிடவும் இல்லை.

ஃபோர்மேன் ரிட்டயர் ஆன அன்று பாவாவிடம் புத்தகத்தைக் கொடுத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பர்ஸிலிருந்து டிக்கெட்டை எடுத்து, "இது உன்னுது" என்றார். வாங்கிக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் அவர் இறந்துபோனார். டிக்கெட் என்னிடம் இருக்கிறது. எழுத்து மங்கித் தேதி தெரிவதில்லை.

பாவாவும் ரிட்டயர் ஆகிவிட்டார். ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறி இறங்கிய பிறகு எல்லோரும் அக்கா வீட்டில்தான் சாப்பிடுவோம். ஒவ்வொரு வருஷமும் பாவா இந்தக் கதையைச் சொல்வார். "ஏழுமல அன்னிக்குக் கத்தலன்னா நான் இல்ல" என்று முடிப்பார். அக்கா முதல் இலையை எனக்குப் போடுவாள். குனிந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். இந்த வருஷமும் சாப்பிட்டேன்.

இன்ஜினியர் அம்மா, சைஸ் பார்க்கும் முறையை மேலே எழுதிவிட்டேன். பசங்களுக்கு இதையும் சொல்லுங்கள்: பாரம் அழுத்தும் பக்கத்தைப் பார்த்தால் போதாது, எழுப்பும் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

தெரிந்தும் நான் சொல்லாமல் இருந்த நாள் கணக்கு ஃபோர்மேனுக்குத் தெரியும். டிக்கெட் சொல்லிவிட்டது. எட்டு நாள். வாயால் சொல்ல வராத, எழுத மட்டுமே முடிகிற கணக்கு இன்னொன்று இருக்கிறது. அது யாருக்கும் தெரியாது. டிக்கெட் என் விரலோடு வந்ததையும் நான் கத்தியதையும் மேலே அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன். அது அப்படி நடக்கவில்லை. நடுவில் காதர் பாய் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தார். வால் விரல் கனத்துக்கு எழும்பி, பிளேட்டுக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. கீழே பாவா பாரத்தின் மேல் கை வைத்தபடி, ஒவ்வோர் இழுப்புக்கும் ஓர் அடி எடுத்து வைத்தார். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவா இதைப் படிப்பார். அக்காவுக்கும் படித்துக் காட்டுவார். காட்டட்டும்.

எத்தனை இழுப்பு என்று எண்ணினேன்.

மூன்று.